ஆடிக் கூழ் நாளில் ஒரு மேசை போடுங்கள்

தம்பி கேட்டிருப்பது இதுதான். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஒரு கரும்புக்காட்டு ஊர். அங்கே கோயிலை ஒட்டிய பழைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகளை ஒதுக்கி, ஊர்க்காரர்களே ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் பூட்டியது. அதைப் பார்த்துக்கொண்ட இரண்டு பெரியவர்களும் கொரோனாவின் இரண்டாம் அலையில் காலமாகிவிட்டார்கள். இப்போதுதான் சாவி கிடைத்திருக்கிறது. திறந்து பார்த்தால் பூஞ்சை வாடை. ஆல்பம் ஒன்றை வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறது. பெயிண்ட் அடித்து, மருந்து தெளித்து, பித்தளையெல்லாம் விளக்கி, வரும் நவம்பர் 16 அன்று திறந்துவிடலாம் என்கிறது கமிட்டி. "எங்கே தொடங்குவது அக்கா? படத்தில் இருக்கும் கண்ணாடி பதித்த மரத்துண்டு என்ன? உடைசல் என்று சொல்கிறார்கள், தூக்கிப் போட்டுவிடலாமா?"

போட்டுவிடாதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் டர்பனில் முப்பது வருஷம் அருங்காட்சியக வேலை பார்த்தவள், பெரும்பாலும் பொருள்களைப் பாதுகாக்கும் பக்கம். உங்களுடையது மாதிரி ஒன்றிரண்டு அறைகளில் நடக்கும் இடங்களுக்குப் போய் உதவியும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் தேதி. நவம்பர் 16 பொருத்தமான நாள்தான். 1860-இல் அன்றைக்குத்தான் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. பத்து நாள் கழித்து கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் வந்தது. அப்புறம் 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக ஏறியவர்கள். ஆக, அந்த நாளில் திறக்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் வேலை இந்தக் குளிர்காலத்திலேயே நடந்தாக வேண்டும். டர்பன் இருக்கும் நேட்டால் கடற்கரையில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் காற்று காய்ந்திருக்கும். அக்டோபர் வந்துவிட்டால் ஈரம் ஏறிவிடும், பூஞ்சை மறுபடி உயிர் பிடிக்கும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சாமான்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. எது யார் வீட்டிலிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்று சொல்லத் தெரிந்த இரண்டு பேர்தான் இப்போது இல்லை. பதிவேடு என்று ஒரு நோட்டு இருந்தாலும் அதில் "செம்பு 1, விளக்கு 2" என்றுதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி எல்லாம் அவர்கள் மனசில் இருந்தது. அதனால் துடைப்பத்தையும் பெயிண்ட் டப்பாவையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் போய்க் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். பூஞ்சை வேலை சில வாரம் தள்ளிப் போனாலும் சமாளித்துவிடலாம். எண்பத்தைந்து வயது ஆயாவிடம் அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட முடியாது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் ஒரு ஆயா துணி மூட்டை ஒன்றோடு வந்தார். தன் அப்பாவுடைய ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றிதழ், பித்தளைப் படி ஒன்று, அரக்குக் கலரில் ஒரு சேலை. ரசீது எழுதிக் கொடுத்தேன். "ஏப்ரலில் நிதானமாக உட்கார்ந்து பேசலாம் ஆயா" என்று அனுப்பிவிட்டேன். மார்ச் 26 நள்ளிரவில் நாடே பூட்டப்பட்டது. அடுத்த ஜனவரியில் அவர் போய்விட்டார். சான்றிதழில் பெயரும் நம்பரும் இருந்ததால் அது பிழைத்தது. சேலை யாருடையது, கல்யாணச் சேலையா, அம்மாவுடையதா, எந்தக் கடையில் எடுத்தது, எதுவுமே தெரியாமல் பெட்டியில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. பத்து நிமிஷம் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

2020 மே மாதத்தில் யுனெஸ்கோ சொன்ன கணக்குப்படி, உலகத்திலுள்ள அருங்காட்சியகங்களில் 90 சதவீதம், அதாவது 85,000-க்கு மேல், மூடிக் கிடந்தன. கிட்டத்தட்ட 13 சதவீதம் திரும்பத் திறக்காமலே போகலாம் என்றும் சொன்னார்கள். சம்பள ஆளும் இல்லாமல், போர்டும் சரியாக இல்லாமல், கோயில் சாவிக்கொத்தில் ஒரு சாவியாகத் தொங்கும் உங்கள் மாதிரி இடங்கள் அந்தக் கணக்கில் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நமக்கோ கொரோனாவோடும் நிற்கவில்லை. 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாத கொடுமை, நடுவில் லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு. வீட்டையே பார்க்க முடியாத நேரத்தில் யார் போய் அருங்காட்சியகத்தைத் திறப்பார்கள்? தாமதமானதற்காகக் கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சரி, எப்படிக் கேட்பது? ஆடி வரப்போகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், நம் ஆட்கள் 'போரிட்ஜ் பிரேயர்' என்று சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் குடிபோன குடும்பங்கள்கூடப் பழைய ஊர்க் கோயிலுக்கு வருவார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் நிழலாக ஒரு மேசை போடுங்கள். மேலே வெள்ளைத் துணி. உடையாத சாமான் ஐந்தாறு மட்டும் வையுங்கள்: படி, குழவி, சிலேட்டு, கரும்பு வெட்டும் கத்தி. போட்டோக்களை அசலாக வைக்காமல் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வையுங்கள். நாலு நாற்காலி, டீ. உள்ளே கூட்டமாக அழைக்க வேண்டாம். வயசானவர்களுக்கு மூடின அறை இன்னும் பயம், பூஞ்சையும் அவர்களுக்கு ஆகாது.

"இது என்ன?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "அம்மி" என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "இந்த மாதிரி யார் வீட்டில் பார்த்திருக்கீங்க?" என்று கேளுங்கள். வீடு வரும், கூலிகள் குடியிருந்த பாரக்ஸ் வரும், அடுத்த வீட்டுச் சண்டைகூட வரும். ஒருவர் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் ஃபோனில் பதிவு செய்யட்டும். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். முதலில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் குரலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு குழப்பம் வராது. ஆயா இரண்டு வாக்கியம் தமிழில் தொடங்கி இங்கிலீஷுக்குப் போவார், நடுவில் ஜூலு வார்த்தை வரும். திருத்த வேண்டாம். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அதுவும் உங்கள் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியதுதான்.

பேசியவரிடம் ஒரு சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போப்பியா என்கிறோமே, 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அப்படியே வாசல் மேசையைப் பாருங்கள். கொரோனா நேரத்துப் பெயர், ஃபோன் நம்பர் நோட்டு இன்னும் அங்கேயே விரித்துக் கிடந்தால் எடுத்துவிடுங்கள். போகிற வருகிறவர்கள் புரட்டும் இடத்தில் அது கிடக்கக் கூடாது.

கேட்டு எழுதும்போது பெயர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கப்பல் பட்டியலை எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை எழுதினார்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். பேரப்பிள்ளைகள் அதையே குடும்பப் பெயராகச் சுமக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டிலும் ஆவணத்தில் இருக்கும் எழுத்தையும், வீட்டில் கூப்பிட்ட தமிழ்ப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒன்றைத் 'திருத்தி' மற்றதை அழித்துவிட்டால் தேடுகிறவர்களுக்கு வழியே போய்விடும்.

குடும்பத்தில் யாரிடமாவது காலனி நம்பர் இருந்தால் அதுதான் பெரிய சாவி. இறங்கின ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பருக்கு நேரே கப்பல், வயது, தகப்பன் பெயர், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் பதிவு உண்டு. வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று ஜில்லா பெயர் அடிக்கடி கண்ணில் படும். பட்டியல்களைத் தேட வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது. நம்பர் இருந்தால் உங்கள் செம்புக்கு ஊர் கிடைத்துவிடும். கூழ் ஊற்றும் நாளில் "உங்க வீட்டில் பழைய பேப்பர் எதிலாவது நம்பர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். டின் பெட்டிக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று எங்கிருந்தாவது வரும்.

இப்போது சுத்தம் செய்யும் வேலை. பித்தளையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்குக் கறுத்த செம்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய்ப்பு, பளபள என்று ஆகிவிடும். வீட்டுச் செம்புக்குச் சரி. இங்கே வேண்டாம். புளியின் அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, சாம்பல் அதைத் தேய்க்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். செம்பின் கழுத்துக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளியாக வரிசை தெரிகிறது. கல்யாணச் சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அது. உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியது. எனக்கு முதல் எழுத்து 'மு' மாதிரி தெரிகிறது, அடுத்தது பாதி தேய்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு தடவை புளி போட்டால் மீதியும் போய்விடும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்து ஒரு படம் எடுங்கள், எழுத்து நிழலோடு எழுந்து தெரியும். விளக்கின் குழியில் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும், குங்குமமும்தான். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

பூஞ்சைக்கு: ஒரு காய்ந்த பிரஷ்ஷால் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் தூங்குகிறது, ஈரமாக இழுவினால் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதைத் துடைக்கவே கூடாது, பரவிவிடும். முதலில் அறையைக் காய வையுங்கள். காய்ந்த பகல் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்து, சாயங்காலம் மூடிவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை விடாது. காய்ந்த பிறகு பொருளை வராந்தாவுக்குக் கொண்டுபோய், என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்று உங்களை விட்டு விலகிப் போகும் பக்கம் நின்று தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். வெயிலில் காயப் போடாதீர்கள். துணியும் போட்டோவும் வெளுத்தது வெளுத்ததுதான்.

வெள்ளிப்பூச்சி அரித்த ஆல்பத்தைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 20 டிகிரி குளிரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் பனித்துளி படத்தின் மேலேயே படியும். லோட் ஷெடிங் இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள். கண்ணாடி நெகடிவ்களை மட்டும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. நாஃப்தலீன் உருண்டை வேண்டவே வேண்டாம், மனுஷருக்கும் ஆகாது. மேலே மூட நல்ல துணி எது தெரியுமா? பல தடவை துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டி.

காகிதத்தை லாமினேட் செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் கூடாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். அதற்குத் தெற்குப் பார்த்த ஜன்னல் நல்லது. நம் நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலில்தான் பளிச்சென்று அடிக்காத மெல்லிய வெளிச்சம் கிடைக்கும். பின்பக்கம் எழுதினால் பென்சிலால் மட்டும்.

மருந்து தெளிக்க ஆள் கூப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். தேவையே இல்லை. வருஷக்கணக்காக யாரும் தொடாத பொருளில் கொரோனா கிருமி இருக்காது. பிளீச் உலோகத்தை அரிக்கும், சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் மையையும் வார்னிஷையும் கரைக்கும். கைப்பிடி, மேசை, கழிப்பறை இவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கட்டடத்தின் வயதைப் பாருங்கள். 1999-ஆம் வருஷத் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி 60 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்ற அனுமதி வேண்டும். நம் மாகாணத்தில் அதற்கு அமாஃபா என்கிற பாரம்பரிய அமைப்பு இருக்கிறது. ஜன்னலை அலுமினியத்துக்கு மாற்றும் யோசனை இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். பெரிய செலவு எதுவும் இப்போது வேண்டாம். கூரை ஒழுகல் ஒன்றை மட்டும் உடனே அடைத்துவிடுங்கள்.

திறப்பு நாளில் எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று இல்லை. கதை கிடைத்த பொருள்களை மட்டும் ஓர் அறையில் வைத்துத் திறங்கள், பதினைந்து கிடைத்தாலும் பதினைந்துதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சொன்னவரின் பெயர் இருக்கட்டும், அவர் சம்மதித்தால். மற்ற அறையைப் பூட்டிவிடாமல் அங்கே ஒரு மேசையும் நோட்டும் வையுங்கள், கூழ் நாளில் வராதவர்கள் அன்றைக்கு வருவார்கள். காலமான இரண்டு பெரியவர்களின் படத்தையும் வையுங்கள். மாலை போட்டால் பூவின் ஈரமும் பூச்சியும் வரும், அதனால் படத்தை வாசல் பக்கம் மாட்டி மாலையை அங்கே போடுங்கள்.

இப்போது அந்தக் கண்ணாடி பதித்த மரத்துண்டு. தேர்ச் சிற்பத்தின் உடைசல் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இலை வடிவம், ஒன்றரைச் சாண் நீளம், சிவப்பும் பொன்னிறமும் பூசி நடுவில் நகத்தளவு கண்ணாடிச் சில்லுகள். பின்பக்கம் வழவழப்பு, உள்வாங்கின வளைவு, கயிறு கோக்க இரண்டு துளை. தேரில் பதிக்கிற துண்டுக்குப் பின்பக்கத்தை யாரும் இப்படி இழைக்க மாட்டார்கள். உடம்பில் படுவதற்காக இழைத்தது. கூத்தில் தோளில் கட்டும் புஜக்கட்டை என்றுதான் நினைக்கிறேன். கட்டை கட்டி ஆடுவதால்தான் அதற்குக் கட்டைக்கூத்து என்று பெயர். நேட்டாலில் இதை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். உங்கள் ஊர் மாணவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள், அது தெருக்கூத்து என்று தெரிந்திருக்காது. பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு ராத்திரி அர்ச்சுனனாகவும் கர்ணனாகவும் நின்ற ஆட்களுடைய சாமான் அது.

தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை என்கிறீர்கள். தமிழ்நாட்டில் இதைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள், நெட்டி மாதிரி லேசாக இருக்கும். அதற்கு நெருங்கிய உறவு மரம் இங்கேயும் இருக்கிறது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச் செவேல் என்று பூக்குமே, ஜூலுவில் உம்சின்சி, அது. இந்தத் துண்டு அங்கிருந்து கப்பலில் வந்ததா, இங்கேயே ஒரு தச்சர் உம்சின்சியில் செதுக்கியதா என்பதை மரத்தின் ஒரு சின்னச் சிராய்ப்பை வைத்து மர ஆய்வுக்காரர்களால் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்காகத்தான் தூக்கிப் போடாதீர்கள் என்றேன். கண்ணாடிச் சில்லு இரண்டு ஆடுகிறது போலத் தெரிகிறது. ஃபெவிக்காலோ சூப்பர் குளூவோ தொடாதீர்கள். விழுந்ததைச் சின்னக் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதி, பெட்டியிலேயே வையுங்கள். துளையில் கறுத்த கயிறு மிச்சம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டாம், அது ஆடியவரின் வியர்வை.

தோள் இரண்டு, ஆகவே இன்னொரு கட்டை இருந்திருக்க வேண்டும். பரணிலும் கோயில் வாகனம் வைக்கும் அறையிலும் தேடுங்கள், கிரீடமும் மார்புப் பதக்கமும்கூடக் கிடைக்கலாம். கூழ் நாளில் இந்த ஒன்றை மட்டும் மெல்லிய காகிதம் விரித்த தட்டில் மேசை நடுவில் வையுங்கள். நேட்டாலில் இன்னும் கூத்தாடும் குழுக்கள் உண்டு, அவர்களில் யாரையாவது கூப்பிட முடிந்தால் நல்லது. வயசான தாத்தா யாராவது கையில் எடுக்கக் கேட்டால் கீழே ஒரு கை தாங்கி, கொடுங்கள். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும். வலது தோளுக்கா இடது தோளுக்கா என்று அவர் திருப்பிப் பிடிப்பார். அதை அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.